தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி

என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெட்டுப்போன சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மினிபஸ் டிரைவர். மலைமேல் வாழவந்தி நாட்டில் கிளம்பி, செம்மேடு வந்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் ஆளை விட்டுவிட்டுத் திரும்ப ஏறி வருகிற வண்டி. இருபத்திரண்டு வருடமாக அதே சாலை, அதே வளைவு. முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற பொம்பளைகள் என் கடைக்கு வந்து, “ஏனுங்க, டிரைவரு கண்ணு இப்பிடிச் செவந்து கெடக்குதே?” என்று கேட்டார்கள். “தூசுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்தில் படுக்கிறவளுக்கு இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மூன்று நாலு மாதமாகத்தான் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக. எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் திண்ணனூர் நாட்டுக்காரி; எங்கள் மலையில் ஊர்க் கூட்டத்துக்கு நாடு என்று பெயர். எங்கள் அப்பா வீட்டுக் காடு மேட்டுக்காடு, ஓடை கிடையாது. ராத்திரியானால் ஒரு சத்தம் இருக்காது. வாழ்க்கைப்பட்டு வந்த இடத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை, ஓடையோரம் மரவள்ளிக் காடு, காட்டு முனையில் ஒரு தகரம். எங்கள் வீட்டில் அதற்குத் தகரம் என்றுதான் பெயர். நடுவில் அச்சு கொடுத்து நிறுத்திய ஒரு மூங்கில். அதன் தலைப்பக்கத்தைக் குடைந்திருக்கும். ஓடைத் தண்ணீர் அதில் வந்து நிறையும், நிறைந்ததும் தலை சாய்ந்து கொட்டும், கொட்டியதும் வால் பொத்தென்று இறங்கிக் கீழே கிடக்கும் தகரத்தில் அடிக்கும். டங். கோடையில் இடைவெளி விட்டு விட்டு அடிக்கும். ஐப்பசியில் மூச்சுவிடாமல் அடிக்கும். பன்றி வராமல் இருக்க என் மாமனார் வைத்தது. பன்றி பயந்ததோ இல்லையோ, என் தூக்கம் பயந்து ஓடிவிட்டது. புதுப்பெண்ணாக வந்த முதல் வாரமே, “மாமா, இந்தச் சனியனை எடுத்துப் போடுங்க” என்று கேட்டவள் நான். அவர் சிரித்துவிட்டு ஒரு காலை இழுத்து இழுத்து ஓடைப் பக்கம் போய்விட்டார். அவருக்கு வலது கால் ஊனம். மிளகு பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்வார். “மரமேறத் தெரியாத மாமா” என்று நான் கேலி பேசுவேன். அதற்கும் சிரிப்பார்.

எனக்குச் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை. கீழே போய் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவள். மிக்ஸி, டார்ச்சு லைட்டு, செல்போன், சோலார் வேலிப் பெட்டி, எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவேன். பூட்டுவதும் பூட்டுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் காட்டுக்கு நானே சோலார் வேலி போட்டேன். அதன் பிறகு ஒரு பன்றி உள்ளே வரவில்லை. ஆனாலும் கிழவர் சாயங்காலமானால் காலை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், மூங்கிலில் அடைத்த இலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வருவார். “வேலைவெட்டி இல்லீங்களா மாமா, அதான் வேலி இருக்குதே?” என்பேன். “இருக்கட்டும் கண்ணு” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் நான் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். மூங்கிலைப் பிடுங்கி, நாலாகப் பிளந்து, அவரைக் கொடிக்குப் பந்தல் போட்டேன். தகரத்தைக் கோழிக் கூண்டுக்கு மேலே போட்டேன். வண்டி விட்டு வந்த வீட்டுக்காரர் பந்தலைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். கால் கழுவிவிட்டு உள்ளே போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவரை எல்லாம் சரி என்று நினைக்கிற புத்தி எனக்கு.

மாசி மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீ சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“அம்பத்தி மூணாவது வளைவுல கண்ணு மூடிருச்சு புள்ள.”

“எவ்வளவு நேரமுங்க?”

“தெரியல. தொறந்து பாத்தா வண்டி திரும்பி முடிஞ்சிருச்சு. நாந்தான் திருப்புனனா, சாமி திருப்புச்சான்னு தெரியல. உள்ள முப்பது பேருக்கு மேல. ரெண்டு புள்ளத்தாச்சி, செக்கப்புக்குப் போறவங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

சாவி எங்கே என்று கேட்டேன். முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பத்து நாள் லீவு. மாற்று டிரைவர் ஓட்டுவார். “பத்து நாள்ள தூக்கம் வந்தா சாவிய வாங்குவேன். வரலீன்னா இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்” என்றார். நாற்பத்தெட்டு வயது. வளைவுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனுசன். பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையாகக் கேட்டது. நாற்பத்தைந்து தாண்டினால் நிறையப் பேருக்கு இப்படித்தான், காப்பியைக் குறையுங்கள், ராத்திரி செல்போன் பார்க்காதீர்கள் என்றது. மாத்திரை தரலாம், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் மலை இறக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னது. அப்புறம் மாத்திரை எதற்கு? எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். ரிப்பேர்க்காரியின் வீட்டில் ஒன்று ரிப்பேர், அதை நான்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு திமிர் எனக்கு.

முதல் பெட்டியைப் பழைய ரேடியோக் கூட்டில் செய்தேன். உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மெல்ல எரியும், மெல்ல அணையும். அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்து விட்டால் தூக்கம் வரும் என்று செல்போனில் எங்கோ பார்த்திருந்தேன். தலைமாட்டில் வைத்தேன். காலையில் எழுந்து, “எப்பிடீங்க?” என்று கேட்டேன்.

“முன்னாடி ஒரு வண்டி பிரேக் போட்டுப் போட்டுப் போற மாதிரியே இருக்குது புள்ள. ராத்திரி பூரா வலது கால் தானா அமுக்குது” என்றார்.

டிரைவருக்குச் சிவப்பு விளக்கு வைத்த அறிவாளி நான் ஒருத்திதான் இருப்பேன்.

இரண்டாவது பெட்டியில் விளக்கை எடுத்துவிட்டு மழைச் சத்தம் வைத்தேன். மெமரி கார்டில் ஏற்றி, சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக ஓடவிட்டேன். கீழ்நாட்டில் பெரிய பெரிய வீடுகளில் எல்லாம் இதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்களாம். எங்கள் வீட்டிலோ களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மனுசன் மழை என்று எழுந்து போய் மிளகைக் கூட்டி அள்ளி, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, வானத்தைப் பார்த்தால் நட்சத்திரம். இதையும் காலையில்தான் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. ஐந்து நாள் முடிந்திருந்தது.

ஆறாம் நாள் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் என்னோடு கடைக்கு வந்தார். பக்கத்துக் கடையில் வண்டிகளுக்கு ஒடுக்கு எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அன்று ஒரு ஜீப்பின் மட்கார்டைக் கழற்றி வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். டங், டங், டங். எனக்குத் தலைவலி. கத்தலாம் என்று எழுந்தவள், பெஞ்சைப் பார்த்தேன். வீட்டுக்காரர் மிக்ஸி அட்டைப்பெட்டிமேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். சந்தை நாள், தெரு பூராவும் ஆள், பஸ் ஹாரன். அதற்கு நடுவே அப்படி ஒரு தூக்கம். ஈ உட்கார்ந்தது, அசையவில்லை. நான் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றேன்.

தட்டுகிறவர் டீ குடிக்கப் போனார். சத்தம் நின்றது. நின்ற அந்த நொடியில் இவர் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் ஒரு பயம். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். “என்னுங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது. இவர் தலை மறுபடி சாய்ந்தது.

எனக்கு அப்போது புரிந்தது. அவர் தூக்கத்தைக் கெடுத்தது என் அரிவாள்தான். அவரைப் பெஞ்சிலேயே தூங்கவிட்டு, கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவரைக் கொடி காய்ந்து சருகாகிக் கிடந்தது. அதற்குள் என் மாமனாரின் மூங்கில், நாலு பிளாச்சாக. ஒட்ட வைக்க முடியுமா? நானே பிடுங்கி, நானே பிளந்து, நானே நாலு மாதம் நிம்மதியாகக் குறட்டை விட்டுவிட்டு, இப்போது பெட்டி செய்கிறேன், பெட்டி! பந்தலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாவது பெட்டியை ஒரே நாளில் முடித்தேன். கோழிக் கூண்டுமேல் கிடந்த அதே தகரத்தில் ஒரு துண்டு வெட்டி பிஸ்கட் டப்பாவின் வாயில் இறுக்கினேன். பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரில் பல்சக்கரம் கோத்து, ஒரு கரண்டிக் காம்பை மெல்லத் தூக்கிப் போட வைத்தேன். டங். கொஞ்சம் இடைவெளி. டங். பாட்டரி வீணாகக் கூடாது என்று ஒரு மணி நேரத்தில் தானாக நிற்கிற மாதிரி டைமரும் வைத்தேன். அந்த டைமர்மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

தலைமாட்டில் வைத்து ஓடவிட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகவில்லை, தூங்கிவிட்டார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. சரியாக ஒரு மணி நேரம். டைமர் நிறுத்தியது. அடுத்த நொடி மனுசன் கட்டிலில் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார். நான் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். ஓடையோரம், தகரம் இருந்த இடத்தில் நின்று டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். வேர்வையில் நனைந்திருந்தார்.

காலையில் வரக்காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். “இப்ப சொல்லுங்க” என்றேன். தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

“எனக்குப் பன்னண்டு வயசு. அப்ப நாந்தான் காவக் குடிசையில படுப்பேன். தகரம் அடிச்சுக்கிட்டு இருந்தா ஒண்ணுமில்ல, தூங்கலாம். நின்னா எந்திரிக்கோணும். நின்னுச்சுன்னா பன்னி மூங்கிலத் தள்ளீட்டு உள்ள வந்திருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு நின்னுருச்சு. நான் எந்திரிக்கல. தூங்கீட்டேன் புள்ள. ஊட்டுல படுத்திருந்த அப்பனுக்குத்தான் கேட்டிருக்குது. நான் உள்ள தனியா இருக்கறன்னு வெளக்குக்கூட எடுக்காம ஓடியாந்திருக்காரு. பன்னி தொடையில குத்திக் கிழிச்சுப்போட்டுது.”

“மரத்துல இருந்து விழுந்தாருன்னு…”

“அவராச் சொன்னதுதான். ஊர்ல ஒருத்தரும் என்னச் சொல்லக் கூடாதுன்னு. எங்கம்மாகிட்டக்கூட அப்பிடித்தான் சொன்னாரு. கட்டுப் போட்ட காலோட அடுத்த வாரமே குடிசைக்கு வந்து எம்பக்கத்துல படுத்தாரு. எனக்குக் கண்ணு மூடப் பயம். ‘நீ தூங்கு சாமி, நான் கேட்டுக்கறேன்’னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கப்பறம் அவரு சாகறவரைக்கும் நான் நல்லாத் தூங்குனேன்.”

மரமேறத் தெரியாத மாமா என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? வேலி போட்ட பிறகும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாரே, பன்றிக்காகவா போனார்? இருக்கட்டும் கண்ணு என்றாரே. நாற்பத்தைந்து வயது தாண்டிய மகன் தூங்க வேண்டும் என்று இலை பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரிடம் வேலைவெட்டி இல்லையா என்று கேட்டிருக்கிறேன்.

“நான் பிடுங்கறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றேன். கோபம்தான் முதலில் வந்தது, எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

“நீ அத்தன வருசம் தூங்காம கெடந்தது எனக்குத் தெரியாதா?” என்றார்.

அன்று டைமரைப் பிடுங்கி எறிந்தேன். விடிய விடிய ஓடினாலும் தீராமல் இருக்க வேலிக்கு வைத்திருந்த மிச்ச பாட்டரியில் கொடுத்தேன். ராத்திரி அவர் படுத்தார். டங். டங். கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று ஏமாந்தவர், மறுபடி எப்போது நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எட்டு நாள் முடிந்திருந்தது. இனி என்ன மோட்டார் வைப்பது, என்ன ஒயர் கோப்பது? எழுந்து கட்டிலில் அவர் பக்கம் போய், பெட்டியை அவர் தலைமாட்டிலிருந்து எடுத்து என் தலைமாட்டில் வைத்தேன்.

“நீங்க தூங்குங்க,” என்றேன். “நான் கேட்டுக்கறேன்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. அப்பா செத்த அன்றுகூட அழாதவர். நான் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. விடிய விடியத் தூங்கினார். அடுத்த நாளும் தூங்கினார். பதினோராம் நாள் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இந்த விசயம் எப்படியோ வெளியே போய், கடைக்குப் பெட்டி கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. எல்லாரும் என் வயசுக்காரர்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, சேலம் பக்கம். மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து கண்ணை மூட முடியவில்லை, இங்கே ரொம்ப அமைதி, அதுதான் பயமாக இருக்கிறது என்றார். “சின்ன வயசுல என்ன சத்தத்துலங்க தூங்குனீங்க?” என்று கேட்டேன். “தறி. எங்க வீட்டுல எட்டு விசைத்தறி, ராப்பகலா ஓடும்” என்றார். சொன்னதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தறி ஓட்டம் மாதிரி ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். தூங்குகிறாராம். என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

சித்திரையில் முதல் இடி மழை பெய்தது. அன்று மழை விட்ட பிறகு ஏதோ ஒரு நேரம், எனக்கு விழிப்புத் தட்டியது. என்னவென்று ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. டங் இல்லை. மோட்டார் போய்விட்டது. இப்போது எழுந்துவிடுவார், கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுவார், நாளைக்குச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார் என்று, அவரைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர் அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு, அன்று கடைப் பெஞ்சில் தூங்கியது போலவே தூங்கிக்கொண்டிருந்தார். வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்தது. ஓடையில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது, போய்ப் பார்த்தேன். வேலி ஒழுங்காக இருந்தது, காட்டில் ஒன்றுமில்லை. வந்து மறுபடி படுத்தேன்.

காலை நாலரைக்கு எழுப்பிக் காப்பி கொடுத்தேன். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே என் தலைமாட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“ராத்திரி நின்னுச்சா?”

“நின்னுச்சுங்க,” என்றேன். “நான் போயிப் பாத்துட்டு வந்துட்டேன்.”

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனார்.